ஒரு சைலன்ஸரை மாட்டியது பற்றி

சைலன்ஸர் வாங்கப் போனவனிடம் கடைக்காரர் கேட்ட முதல் கேள்வி, "சத்தம் வேணுமா சார், வேணாமா?" என்பது. கேள்வியில் அவருக்கு எந்த விசித்திரமும் தெரியவில்லை. சப்தத்தை அடக்குவது என்ற ஒரே காரியத்துக்காக உண்டாக்கப்பட்டு, அந்தக் காரியத்தையே பெயராகவும் வைத்துக்கொண்டிருக்கிற ஒரு பொருளை இரண்டு ரகமாகப் பிரித்து, அடக்குவது ஒரு விலை, அடக்காதது ஒரு விலை என்று விற்கிறார்கள். அடக்காததற்கு விலை அதிகம். நான் அடக்காததை வாங்கிக்கொண்டு வந்தேன். ஏன் வாங்கினேன் என்பதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். எழுதி முடித்தபோது விஷயம் வேறு எங்கோ போயிருந்தது. அப்படியே விட்டுவிட்டேன்.

என்னுடையது 1986-ம் வருஷத்து புல்லட் 350. 1993-ல் செகண்ட் ஹாண்டில் வாங்கினேன். திருவொற்றியூரில் செய்தது. 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவை ஆரம்பித்தார்கள். பிறகு இங்கிலாந்துக் கம்பெனி இல்லாமற் போயிற்று. திருவொற்றியூரில் மட்டும் அந்த வார்ப்பிரும்பு எஞ்சினை அதிகம் மாற்றாமல் செய்துகொண்டே இருந்தார்கள். ஒரே ஒரு பிஸ்டன். 70 மில்லிமீட்டர் அகலத் துளைக்குள் 90 மில்லிமீட்டர் ஏறி இறங்க வேண்டும். அகலத்தைவிட நீளம் அதிகமான பாதையில், கனமான சக்கரங்களையும் சுழற்றிக்கொண்டு போகிற எதுவும் அவசரப்பட முடியாது. புல்லட்டின் நிதானம் குணம் அல்ல, அளவு.

இந்த நிதானத்தைக் கணக்காகவும் சொல்லலாம். சும்மா நிற்கும்போது நிமிஷத்துக்கு 840 சுற்று என்று வைத்துக்கொண்டால், நாலு ஸ்ட்ரோக் எஞ்சினில் இரண்டு சுற்றுக்கு ஒரு வெடிப்பு. நிமிஷத்துக்கு 420, வினாடிக்கு 7. வினாடிக்கு ஏழு என்பது காது தனித்தனியாகப் பிரித்துக் கேட்கக்கூடிய வேகம். இருபதைத் தாண்டினால் அடிகள் கரைந்து ஒரே சுருதியாகிவிடும். மற்ற வண்டிகளில் நமக்குக் கேட்பது சுருதி. இதில் கேட்பது அடி. அடிக்கும் அடிக்கும் நடுவில் ஓர் இடைவெளி. இந்தக் கணக்கை நான் பின்னால்தான் போட்டேன். அப்போதே போட்டிருந்தால் இத்தனை அலைந்திருக்க மாட்டேன்.

பழைய சைலன்ஸர் அடியில் ஓட்டை விழுந்துவிட்டது. வெளியிலிருந்து துரு பிடித்ததல்ல, உள்ளிருந்து. பெட்ரோல் எரிந்தால் புகை வருகிறது என்று நினைக்கிறோம், தண்ணீரும் வருகிறது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர். நெடுந்தூரம் ஓடுகிற வண்டியில் சூட்டில் அது ஆவியாகவே வெளியேறிவிடும். மருந்துக் கடைக்கும் மார்க்கெட்டுக்கும் போய்வருகிற வண்டியில் சைலன்ஸர் சூடேறுவதற்குள் வீடு வந்துவிடுகிறது. தண்ணீர் உள்ளேயே தங்கி, கரியோடு சேர்ந்து, தகட்டைத் தின்கிறது. என் வண்டி சில வருஷங்களாக மருந்துக் கடை தாண்டிப் போனதில்லை. அதற்குக் காரணம் அம்மா. அதற்குப் பிறகு வருகிறேன்.

ஓட்டையை அடைத்தாலே போதும் என்றுதான் நண்பர்கள் சொன்னார்கள். நான் புதுப்பேட்டைக்குப் போனேன். கடைக்காரர் கேள்வியைக் கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல், மேல் அடுக்கிலிருந்து ஒன்றை இறக்கினார். நீண்டு, நடுவில் புடைத்து, பின்னால் குறுகிச் சிறு வாயோடு முடிகிறது. "கோல்ட்ஸ்டார் சார். போட்டீங்கன்னா தெருவே திரும்பிப் பாக்கும்."

அந்தப் பெயருக்கு ஒரு கதை இருக்கிறது. இங்கிலாந்தில் ப்ரூக்லாண்ட்ஸ் என்று ஒரு பந்தயத் தடம். அங்கே பந்தயத்தில் மணிக்கு நூறு மைலுக்கு மேல் ஒரு சுற்று வந்தவர்களுக்குத் தங்க நட்சத்திர பேட்ஜ் ஒன்று கொடுத்தார்கள். 1937-ல் வால் ஹாண்ட்லி என்பவர் பி.எஸ்.ஏ. வண்டியில் அதை வாங்கினார். மறுவருஷம் பி.எஸ்.ஏ. தன் புது வண்டிக்கு கோல்ட் ஸ்டார் என்று பெயர் வைத்தது. அந்த வண்டியில் பின்னால் வந்த சைலன்ஸரின் உருவத்தைத்தான் நம் ஊரில் தகட்டில் வளைத்து புல்லட்டுக்கு விற்கிறார்கள். இதில் நமக்குச் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. ப்ரூக்லாண்ட்ஸைச் சுற்றிக் குடியிருந்தவர்கள் சப்தம் தாங்காமல் வழக்குப் போட்டு, 1920-களிலேயே அந்தத் தடத்தில் ஓடுகிற வண்டிகள் எல்லாம் சைலன்ஸர் போட்டே ஆகவேண்டும் என்று ஆக்கிவிட்டார்கள். ஆக, அந்தத் தங்க நட்சத்திரம் வாயை மூடிக்கொண்டு ஓடியவர்களுக்குக் கிடைத்தது. அதன் பெயரால் நாம் வாயைத் திறந்துகொண்டு போகிறோம்.

வாங்கியதற்குக் காரணம் என்ன? அறுபதை நெருங்குகிற ஒருவனைத் தெரு திரும்பிப் பார்த்து என்ன ஆகப்போகிறது? எங்கள் வட்டத்தில் இதை ஒப்புக்கொள்வது கூச்சமாக இருக்கிறது. நாங்கள் மௌனத்தை எழுதிய தலைமுறை. மேடைக் கவிதையின் எதுகை மோனைக்கும் கைதட்டலுக்கும் எதிராக நாங்கள் வைத்த ஒரே சொல் மௌனம். வார்த்தைகளுக்கு நடுவில் மௌனம், வரிகளுக்கு நடுவில் மௌனம், கடைசி வரிக்குப் பிறகு மௌனம். முன்னோடிகளில் ஒருவருக்கு மௌனி என்று புனைபெயரே வாய்த்தது. எங்களுக்கு அது சௌகரியமாகவும் போயிற்று. முந்நூறு பிரதி அச்சடித்து, இருநூறு பிரதி கட்டிலுக்கு அடியில் கிடந்தபோதும், அதையும் மௌனத்தின் கணக்கில் சேர்த்துக்கொண்டோம். என் கவிதைகளில் அந்தச் சொல் எத்தனை முறை வருகிறது என்று ஒரு நாள் எண்ண ஆரம்பித்து, பாதியில் நிறுத்திவிட்டேன். அந்த மனிதன்தான் புதுப்பேட்டையில் நின்றுகொண்டு, "சத்தம் வேணும்" என்று சொன்னான். குரல்கூடத் தழையவில்லை.

மாட்டியவர் பக்கத்துச் சந்தில் பட்டறை வைத்திருக்கிற பாய். என்னைவிட இரண்டு மூன்று வயது பெரியவர். பழைய கிளாம்பின் நட் துருப்பிடித்து இறுகியிருந்தது. மண்ணெண்ணெய் விட்டு, ஒரு டீ குடித்து முடிக்கும் வரை ஊறவிட்டு, பிறகு ஸ்பானரைப் போட்டார். எஞ்சின் தலையிலிருந்து வளைந்து இறங்குகிற பெண்ட் பைப்பின் வாயில்தான் சைலன்ஸர் செருகப்படுகிறது. புதிதின் வாய் கொஞ்சம் பெரிதாக இருந்தது. பிராக்கெட்டின் ஓட்டையும் சட்டத்தின் ஓட்டைக்கு அரை அங்குலம் தள்ளி நின்றது. "இதெல்லாம் இப்டித்தான் சார் வரும். எல்லா வண்டிக்கும் சேரும்னு சொல்லுவான், எதுக்கும் சேராது" என்றார் பாய். ஒரு டப்பாவைக் கத்தரித்துத் தகட்டைப் பட்டையாக்கி பைப்பின் மேல் சுற்றினார். வட்ட அரத்தால் ஓட்டையை நீள்வட்டமாக ராவினார். தகடு சுற்றிய இடத்தில் காற்று கசியும் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரிந்தது.

மாட்டுவதற்கு முன் அதை என் கண்ணுக்கு நேராகப் பிடித்து, "பாருங்க" என்றார். ஒரு முனையிலிருந்து மறுமுனையின் வெளிச்சம் தெரிந்தது. பழையதை அப்படிப் பார்க்க முடியாது. அதற்குள் தடுப்புத் தகடுகள், துளையிட்ட குழாய், சிறுசிறு அறைகள். வால்வு திறந்ததும் பீறிட்டு வருகிற காற்று ஓர் அறையில் விரிந்து, தடுப்பில் மோதித் திரும்பி, தன் பின்னால் வருகிற அலையோடு தானே மோதிக்கொண்டு பாதி சக்தியை இழந்து வெளியேறுகிறது. சப்தத்தை வைத்தே சப்தத்தைத் தேய்ப்பது. துப்பாக்கி சைலன்ஸரும் இதே தத்துவம்தான். அதற்கு 1909-ல் அமெரிக்காவில் பேட்டண்ட் வாங்கியவர் ஹைரம் பெர்ஸி மாக்ஸிம். மோட்டார் வண்டிகளுக்கும் சைலன்ஸர் செய்தார். அவருடைய தகப்பனார்தான் மாக்ஸிம் இயந்திரத் துப்பாக்கியைக் கண்டுபிடித்தவர். தன் துப்பாக்கிகளின் சப்தத்திலேயே தகப்பனாருக்குக் காது போயிற்று. ஒரு குடும்பத்துக்குள்ளேயே பிரச்சினையும் விடையும் பிறந்துவிட்டன. விடை வந்தபோது கேட்பதற்குத் தகப்பனாருக்குக் காதில்லை.

"ஜெட்டு ஒரு நம்பர் ஏத்தணும் சார். இல்லாட்டி பட்டாசு வெடிக்கும்" என்றார் பாய். புகை தங்குதடையில்லாமல் போனால் எஞ்சின் கூடுதலாகக் காற்றை இழுக்கும்; பெட்ரோல் பழைய அளவுதான். கலவை வெளுத்துவிடும். ஆக்ஸிலேட்டரை விடும்போது, எரியாமல் மிஞ்சியது சைலன்ஸருக்குள் கசிந்து வந்த காற்றோடு சேர்ந்து வெடிக்கும். ஜெட் கைவசம் இல்லை. அடுத்த வாரம் வரச் சொன்னார்.

அம்மீட்டர் முள் நடுவுக்கு வரும்வரை மெதுவாக மிதித்து, டிகம்ப்ரெஸரைப் பிடித்து ஒரு விரல் தாண்டவிட்டு, உதைத்தேன். பொய் சொல்ல விரும்பவில்லை. அந்த முதல் அடி நெஞ்சில் விழுந்தபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. எழும்பூர், புரசைவாக்கம், ஓட்டேரி என்று பெரம்பூர் வரை, இரண்டு பக்கச் சுவர்களும் என் வருகையை எனக்கே திருப்பிச் சொல்லிக்கொண்டு வந்தன. சிக்னலில் ஆட்டோக்காரர் ஒருவர் திரும்பிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். என் எந்தக் கவிதைக்கும் முகம் தெரியாத ஒரு மனிதர் இப்படித் தலையாட்டியதில்லை. பாலத்து இறக்கத்தில் ஆக்ஸிலேட்டரை விட்டபோது பாய் சொன்ன பட்டாசு வெடித்தது. அதுவும் பிடித்திருந்தது.

வீட்டு வாசலில் வண்டியை ஸ்டாண்டு போட்டு நிமிர்ந்தேன். கதவு மூடியிருந்தது.

அம்மாவுக்கு எண்பத்து நாலு வயது. க்ளாகோமா. கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பைத் தின்றுவிடுகிற நோய். போன பார்வை திரும்புவதில்லை. எட்டு வருஷமாக வெளிச்சம் இருக்கிறதா, இல்லையா என்பது மட்டும் தெரியும். பகலில் பார்த்துக்கொள்கிற பெண் ஐந்து மணிக்குப் போய்விடுவாள். அதற்குப் பிறகு நான் வெளியே போனால் அம்மா உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். தெருமுனையில் நான் திரும்பும்போதே எழுந்து, சுவரைத் தொட்டுக்கொண்டே வந்து, தாழ்ப்பாளை எடுத்துவிடுவாள். நான் வண்டியை நிறுத்தி நிமிரும்போது கதவு திறந்திருக்கும். இதைப் பற்றி நாங்கள் பேசிக்கொண்டதே இல்லை. இந்த எட்டு வருஷத்தில் நான் மணியை அழுத்தியதும் இல்லை.

அன்று அழுத்தினேன். அழுத்தும்போதே மூச்சு கொஞ்சம் வேகமாக வந்தது.

"யாரது?"

"நான்தாம்மா."

கொஞ்ச நேரம் கழித்துத் தாழ்ப்பாள் விலகியது. "நீயா? யாரோ பெரிய வண்டில வந்து எதிர்வீட்ல நிக்கறாங்கன்னு இருந்தேன். உன் வண்டி எங்கடா?"

"இதான்மா. சைலன்ஸர் மாத்தினேன்."

"ஓ" என்றாள். அவ்வளவுதான். இரண்டு நாளில் பழகிவிடும் என்று நினைத்தேன். அவளும் அப்படித்தான் நினைத்திருப்பாள்.

பழகவில்லை. என் தெருவில் மட்டும் இதே மாதிரி சைலன்ஸர் போட்ட பையன்கள் மூன்று பேர் இருக்கிறார்கள். அதுவரை அவர்கள் எனக்கு ஒரு தொந்தரவு. அதற்குப் பிறகு அவர்களும் நானும் ஒன்று. அம்மா ஒவ்வொரு வண்டிக்கும் எழுந்து, நடுக் கூடத்தில் நின்று, மறுபடி போய் உட்கார்ந்திருக்கிறாள். எனக்கு இது தெரியாது. பத்து நாள் கழித்து, ஒரு சாயங்காலம் நான் திரும்பி வந்தபோது, அடுத்த வீட்டம்மா என் வாசலில் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். மின்சாரம் போயிருந்தது. ஏதோ ஒரு பையனின் வண்டி வாசலோரம் வந்து நின்று பிறகு போயிருக்கிறது. நான்தான் என்று கதவைத் திறந்துகொண்டு வந்திருக்கிறாள். யாரும் உள்ளே வராததால் இரண்டு படி இறங்கி, தெருவில் நின்று, என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். "எவ்வளவு நேரமா நின்னாங்களோ தெரியல தம்பி" என்றாள் அடுத்த வீட்டம்மா. என்னைக் குற்றம் சொல்வதாக அவளுக்குத் தோன்றியிருக்காது.

எல்லோரையும் திரும்பிப் பார்க்க வைத்த சப்தம், அதைக் கேட்டே ஆகவேண்டிய ஒருத்திக்குக் கேட்கவில்லை. கேட்டது, ஆனால் நான் அதில் இல்லை.

மறுநாள் கழற்றக் கொண்டுபோனேன். சட்டமும் அதைத்தான் சொல்கிறது என்று வழியில் நினைத்துக்கொண்டது ஒரு சமாதானம். 1989-ம் வருஷத்து மத்திய மோட்டார் வாகன விதிகளில் 120-வது விதி, எஞ்சினிலிருந்து புகை வெளியேறும் சப்தத்தை இயன்ற வரையில் குறைக்கிற சைலன்ஸர் எல்லா வண்டியிலும் இருக்கவேண்டும் என்கிறது. 2019-ல் சட்டத்தைத் திருத்தி, சப்த விதியை மீறினால் பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம், மூன்று மாதம் வரை சிறை என்று ஆக்கினார்கள். பறிமுதல் செய்த சைலன்ஸர்களைப் போலீஸ்காரர்கள் நடுரோட்டில் வரிசையாக அடுக்கி ரோடு ரோலர் ஏற்றுகிற படத்தைப் பத்திரிகையில் பார்த்திருக்கிறேன். அதிலும் சப்தம் அதிகமாகத்தான் இருந்திருக்கும். இதெல்லாம் உண்மை, ஆனால் நான் கழற்றியதற்கு இது காரணம் இல்லை.

பழையதை பாய் எடைக்குப் போடாமல் வைத்திருந்தார். எடுத்துக் குலுக்கினார். உள்ளே ஏதோ கிலுகிலுத்தது. ஒரு தடுப்புத் தகடு பல வருஷமாகக் கழன்று ஆடிக்கொண்டிருந்திருக்கிறது. அதைக் கேட்டதும் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது போல இருந்தது. அம்மா அடையாளம் கண்டுகொண்டிருந்தது இந்தக் கிலுகிலுப்பைத்தான். நல்ல சைலன்ஸர் எதையும் முழுசாக அடக்குவதில்லை. வேண்டாததை எடுத்துவிடுகிறது, மிஞ்சுவது அந்த வண்டியின் குரல். அந்தக் குரலிலும் ஒரு குறைதான் அடையாளம். கவிதைக்கும் இதுவே என்று சிந்தனை நீண்டது. நாங்கள் மௌனம் மௌனம் என்று குறைகளையும் சேர்த்து அடக்கிவிட்டோம், அதனால்தான் எங்கள் கவிதைகளை ஒன்றின் பெயரை மறைத்து இன்னொன்றோடு வைத்தால் ஆள் தெரிவதில்லை என்று ஒரு கட்டுரையே பட்டறை வாசலில் உருவாகிவிட்டது. அந்தக் கட்டுரையைத்தான் நீங்கள் படித்திருப்பீர்கள்.

நான் டீக்கடைக்குப் போய்த் திரும்புவதற்குள் காஸ் வெல்டிங் முடிந்திருந்தது. "ஓட்டையை அடைச்சிட்டேன். உள்ள ஆடிக்கிட்டிருந்த தகட்டையும் சேத்துப் பிடிச்சி வெல்டு போட்டுட்டேன் சார். இனிமே சத்தமே வராது" என்றார் பாய், சந்தோஷமாக. எனக்கு அழுகை வரும்போல இருந்தது. அவரிடம் என்ன சொல்வது? ஐம்பது ரூபாய் அதிகமாகக் கொடுத்தேன்.

வண்டி இப்போது வாங்கிய நாளில்கூட இல்லாத அடக்கத்தோடு ஓடியது. முதல் இரண்டு நாள் மணியை அழுத்தினேன். மூன்றாம் நாள் ஸ்டாண்டு போட்டு நிமிர்ந்தபோது கதவு திறந்திருந்தது. அம்மா நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"எப்படிம்மா தெரிஞ்சுது? அந்தக் கிலுகிலுப்புதான் இப்ப இல்லியே."

"என்ன கிலுகிலுப்பு?"

சொன்னேன். அவளுக்கு அப்படி ஒன்று இருந்ததே ஞாபகம் இல்லை. "நீ முனைல திரும்பறதுக்கு முன்ன ஒரு தடவ கையெடுப்பே. வண்டி விட்டு விட்டு அடிக்கும். பள்ளத்துக்கிட்ட இன்னொரு தடவ. அப்புறம் வாசல்ல வந்து, நிறுத்தறதுக்கு முன்ன ஒருதரம் சும்மா முறுக்குவே, எதுக்குன்னு தெரியல. உங்கப்பா சைக்கிள் பெல்லை அப்படித்தான் அடிப்பார், இறங்கினப்புறம் ஒருதரம்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "அந்தப் புதுசுல இதெல்லாம் எங்கே கேட்டுது? ஒரே எரைச்சல். நடுவுல எடமே இல்ல" என்றாள்.

நிறுத்துவதற்கு முன் ஒருதரம் முறுக்குகிறேன் என்பது எனக்கு அதுவரை தெரியாது. முப்பது வருஷமாக அந்த வண்டியை ஓட்டுகிறேன்.

என் சித்தாந்தம் போயிற்று. குரல் தகட்டில் இல்லை, அதன் குறையிலும் இல்லை. ஓட்டுகிறவன் எங்கே விடுகிறான், எங்கே பிடிக்கிறான் என்பதில் இருந்திருக்கிறது. சைலன்ஸர் செய்ய வேண்டியதெல்லாம் அந்த இடங்களை மூடாமல் இருப்பது. நம் யாப்புக்காரர்கள் வெண்பாவுக்குச் செப்பல், ஆசிரியப்பாவுக்கு அகவல், கலிப்பாவுக்குத் துள்ளல், வஞ்சிப்பாவுக்குத் தூங்கல் என்று ஓசைக்குப் பெயர் வைத்தபோது, எவ்வளவு உரக்க என்று எதற்கும் பெயர் வைக்கவில்லை. எப்படிப் போகிறது என்பதற்குத்தான் வைத்தார்கள். நாங்கள் யாப்பைத் தூக்கி எறிந்ததில் எனக்கு இன்றும் வருத்தம் இல்லை. எறிந்த கையோடு, போகிற விதத்தைக் கேட்கும் காதையும் எறிந்துவிட்டோமா என்று மட்டும் அம்மாவின் எதிரில் நின்றபோது தோன்றியது. நான் மௌனம் என்று எழுதிய இடங்களில் அடி ஏதாவது விழுந்திருக்கிறதா? அடி விழாத இடத்தில் இடைவெளி என்று ஒன்று எப்படி இருக்கும்?

இதை நண்பர் ஒருவரிடம் சொன்னேன். "நல்லாத்தான் இருக்கு. எழுதுங்க. ஆனா அம்மாவை வெச்சு முடிக்காதீங்க" என்றார். சரிதான்.

கோல்ட்ஸ்டார் மாடிப்படிக்கு அடியில் சாக்கில் சுற்றிக் கிடக்கிறது. தெருப் பையன் ஒருவன் பாதி விலைக்குக் கேட்டான். கொடுக்கவில்லை. அன்று சிக்னலில் தலையாட்டிய ஆட்டோக்காரரை இன்னும் மறக்க முடியவில்லை.